இந்த வண்டியில் ஐந்து மணி நேரம்

மழை நின்றால் காற்று, காற்று நின்றால் தாழ்ந்த மேகம் என்று ஒரு வாரமாக ஒரு வண்டியும் மேலே போகவில்லை. விமானத்தை அங்கே யாரும் விமானம் என்று சொல்வதில்லை, வண்டிதான். வண்டி ஓட்டுகிறவர்களைத் தரையில் உட்காரவைத்தால் என்ன பாடு படுத்துவார்கள் என்று என்னைக் கேட்க வேண்டும். வண்டிகளை நிறுத்தும் ஹேங்கரை ஒட்டியிருக்கும் கேன்டீன் என்னுடையது. ஒருவர் எழுந்து வாசலுக்குப் போவார், அண்ணாந்து பார்ப்பார், "அப்படியேதான் இருக்கு" என்று திரும்பி வந்து வேறு நாற்காலியில் உட்காருவார். அதை நம்பாமல் அடுத்தவர் எழுந்து போவார். வானம் என்ன, ஆளுக்கு ஒரு முகமா காட்டும்? டீ ஆறிப்போகும், இன்னொரு டீ கேட்பார்கள், அதுவும் ஆறும். தரையெல்லாம் ஈரச் செருப்புத் தடம். துடைத்துத் துடைத்து என் இடுப்பு விட்டுப்போயிற்று.

எல்லோரையும்விட அதிகமாக வாசலுக்கு நடந்தவள் பாப்பா. பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை, இருபத்தாறு வயது. பறக்கும் பள்ளியை நடத்தும் முதலாளியம்மாவின் கடைசி மகள். வண்டிகளுக்குப் பெட்ரோல் போடும் லாரியை ஓட்டுவது அவள் வேலை. வேலை போக மீதி நேரமெல்லாம் பறப்பாள். ஒற்றை என்ஜின் லைசென்ஸ் எப்போதோ வாங்கிவிட்டாள். சரக்கு ஏற்றிப் பறக்கும் கம்பெனி ஒன்று இப்போது அவளைக் கூப்பிட்டிருந்தது. இரட்டை என்ஜின் லைசென்ஸோடு திங்கட்கிழமை வந்து நில் என்று சொல்லியிருந்தார்கள். போன முறை கூப்பிட்டபோது அவளிடம் அது இல்லை. அந்த இடத்துக்கு வேறொருவன் போனான். அவன் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பரீட்சை வைக்கும் எக்ஸாமினர் எங்கள் பக்கம் வருவதே அபூர்வம். இந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார். வெள்ளிக்கிழமை வானம் திறக்காவிட்டால் எல்லாம் போச்சு.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவளுடைய அண்ணி. எங்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர். டீச்சரின் கணவர், அதாவது பாப்பாவின் அண்ணன், அதே பள்ளியில் மெக்கானிக். ஆக மாமியார் முதலாளி, மருமகள் டீச்சர், மகன் மெக்கானிக், மகள் மாணவி. பகலில் ஒரே ஹேங்கர், சாயங்காலம் ஒரே சாப்பாட்டு மேசை. சண்டை வந்தால் ஓடி ஒளிய இடமே கிடையாது. ஹேங்கருக்குப் பின்னால் கம்பி வேலியைத் தாண்டினால் அவர்கள் வீடு. அந்த வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவர்கள் சமையலறைக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும்.

பள்ளியில் முன்பு ஒரு பழைய இரட்டை என்ஜின் வண்டி இருந்தது, சுருக்கமாக இரட்டை என்போம். டீச்சர் அதில் எத்தனையோ பேரைத் தேறவைத்து அனுப்பியவள். அதை விற்றுவிட்டு முதலாளியம்மா இன்னொன்றை வாங்கினார். வேறு மாடல், பெரிய என்ஜின்கள். அது வந்து சேர்ந்தபோதே டீச்சர் எனக்கு ஒரு சட்டம் சொன்னாள். இரட்டை என்ஜின் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால், எந்த மாடலில் சொல்லிக்கொடுக்கிறோமோ அதே மாடலில் குறைந்தது ஐந்து மணி நேரமாவது தானே கேப்டனாக ஓட்டியிருக்க வேண்டுமாம். பழையதில் ஆயிரம் மணி நேரம் இருந்தாலும் இதற்குச் செல்லாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. "புது அடுப்பு வாங்கினா முதல் வாரம் டீ பொங்கி ஊத்துமே, அந்த மாதிரியா டீச்சர்?" என்றேன். "அதே மாதிரிதான். ஆனா உங்களுக்கு டீ மட்டும்தான் போகும்" என்றாள்.

அந்த ஐந்து மணி நேரத்தை அவள் முடித்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். வண்டியை விற்றவரின் ஊரிலிருந்து இங்கே ஓட்டிக்கொண்டு வந்தது மூன்று மணி நேரத்துக்கு மேல். வந்த பிறகு தனியாக இங்கேயே சுற்றியது இரண்டு மணி நேரம். கணக்கு சரியாக இருந்தது. பாப்பாவுக்குப் பாடம் ஆரம்பித்து, முடித்து, இவள் பரீட்சைக்குத் தயார் என்று கையெழுத்தும் போட்டாயிற்று.

புதன்கிழமை மத்தியானம் மேகம் கொஞ்சம் விலகிய நேரத்தில் ஒரு சின்ன வண்டி தடதடவென்று இறங்கியது. மழைக்குப் பயந்து ஒதுங்க வந்தவர் யார் என்று பார்த்தால், எங்களுக்கு இரட்டையை விற்றவரிடம் வேலை பார்க்கும் பைலட். மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். கூலிங் கிளாஸ் என்று நாங்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். தங்கமான மனுஷன், ஆனால் வாய் ஓயாது. அன்றைக்கு எங்கள் இரட்டையை டீச்சரோடு சேர்ந்து கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு வாரமாகச் சொந்த மூஞ்சிகளையே பார்த்துச் சலித்த கூட்டம் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அவருக்குக் கேட்க வேண்டுமா?

"இந்த டீச்சரம்மாவைக் கேளுங்க, அன்னிக்கு வர்ற வழியில என்ன நடந்துச்சுன்னு. பாதி வழி. கீழே பூரா காடு. வலது பக்கம் என்ஜின் திடீர்னு இருமுது. ஒரு தடவை, ரெண்டு தடவை. வண்டி ஒரு பக்கமா இழுக்குது. இவங்க 'நீங்க எடுத்துக்கோங்க'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் எடுத்துட்டேன். டேங்க் மாத்தினேன், சரியாயிடுச்சு. அப்புறம் பார்த்தா என் சாண்ட்விச் காலுக்குக் கீழே கிடக்கு. அதைத்தான் என்னால மறக்க முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கேப்டன்னு ஒருத்தன் பின்னே எதுக்கு இருக்கான்?" என்றார்.

டீச்சர் டீயைக் கீழே வைத்தாள். "அன்னிக்குக் கேப்டன் நீங்களா?"

"பின்னே?"

"நான்னுல்ல நெனச்சேன். இடது சீட்டுல நான்தானே இருந்தேன். நீங்கதானே 'ஓட்டுங்க'ன்னீங்க."

"ஓட்டுங்கன்னேன். வாங்கினவங்க ஓட்டிப் பார்க்கட்டும்னு ஒரு மரியாதை. வண்டி இங்க வந்து சேர்ற வரைக்கும் பொறுப்பு எங்களோடதுதானே?" என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணை அன்றுதான் பார்த்தேன், பாவமாக இருந்தது. "நீங்களும் உங்க மணிக்கணக்கு நோட்டுல கேப்டன்னு எழுதிட்டீங்களா? நானும் எழுதிட்டேனே."

புறப்படும் முன் இரண்டு பேரும் எண்ணெய் பார்த்திருக்கிறார்கள், சக்கரம் பார்த்திருக்கிறார்கள், பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு யார் கேப்டன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. அனுபவப்பட்டவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று இவள் விட்டாள். வாங்க வந்த பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று அவர் விட்டார். மரியாதை பார்த்தே கெட்டார்கள் இரண்டு பேரும். ஒரு வண்டிக்கு ஒரு கேப்டன்தான் இருக்க முடியும் என்பது என் கேன்டீனில் டம்ளர் கழுவும் எனக்கே தெரியும்.

"அதனால என்ன டீச்சரம்மா," என்றார் கூலிங் கிளாஸ். "எனக்கு மூணு மணி நேரம் கூடினா என்ன, குறைஞ்சா என்ன? நான் என்னுதை அடிச்சிடறேன். நீங்களே கேப்டனா இருந்துக்கோங்க. மனசாரச் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா ஆபீஸிலிருந்து குடையோடு வந்து நின்றார். விஷயத்தை அரைகுறையாகக் கேட்டு, பிறகு முழுசாகக் கேட்டு, ஒரு பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷன் நீங்க. அப்படியே பண்ணிடுங்க. ஏம்மா, சாருக்கு முட்டை போட்டுக் குடு" என்றார் என்னிடம். பாப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வானத்தைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தாள்.

டீச்சர் மழையில் நனைந்துகொண்டே ஹேங்கருக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பாடு எடுத்து வைத்தபோதே ஆரம்பித்துவிட்டது. பருப்பும் சோறும் அவித்த முட்டையும். தட்டு வைக்கும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது. கூரையில் மழை வேறு கொட்டியது, அதனால் எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசினார்கள்.

"நான் எக்ஸாமினர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன் அத்தை."

"என்னன்னு?"

"எனக்கு அஞ்சு மணி நேரம் ஆகலைன்னு. பாப்பாவுக்கு நான் எடுத்த பாடம் செல்லாதுன்னு."

முதலாளியம்மா சாப்பிட்டுக்கொண்டே பேசினார். "மூணு மணி நேரம் யார் ஓட்டினா?"

"நான்தான்."

"ஏத்தினது?"

"நான்."

"இறக்கினது?"

"நான்தான் அத்தை."

"அந்த ஆளு பிடிச்சது எவ்வளவு நேரம்? ரெண்டு நிமிஷம் இருக்குமா? ரெண்டு நிமிஷத்துக்காக என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கணுமா நீ? அவரே நீதான் கேப்டன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. குடுக்கிறவன் குடுக்கிறான், உனக்கு வாங்கிக்க என்ன கொள்ளை?"

"அது குடுத்து வாங்கற பொருள் இல்ல அத்தை."

"இந்த வசனமெல்லாம் உன் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட வச்சுக்கோ."

மெக்கானிக் நடுவில் புகுந்தார். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இந்த மனுஷர் புகுந்து நான் பார்ப்பது அபூர்வம். "ஏன்மா அவமேல பாயறே? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"நீ சும்மா இரு. என்ஜின் இருமினதுக்கே உன்னைத்தான் கேக்கணும்."

"அப்போ அது நம்ம வண்டியே இல்லம்மா! அவங்க டேங்க்ல தண்ணி. நான் வந்ததும் வடிச்சேன், ஒரு டம்ளர் வந்துச்சு. என்னை ஏன் இழுக்கறே?"

"ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா?" என்றாள் பாப்பா. அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்ததால் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். "அண்ணி. நான் நல்லா ஓட்டறேனா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நல்லாத்தான் ஓட்டறே."

"பரீட்சையில தேறுவேனா?"

"தேறுவே."

"அப்புறம் என்ன அண்ணி?"

டீச்சர் பதில் சொன்னபோது பாப்பாவிடம் பேசுகிறாளா, தனக்குத்தானே பேசுகிறாளா என்று தெரியவில்லை.

"மூணு மணி நேரம் நான்தான் ஓட்டினேன். ஆனா பயம் வந்தப்போ பக்கத்துல பிடிச்சுக்க ஒரு ஆள் இருந்துச்சு. அது மனசுல இருந்துக்கிட்டேதான் ஓட்டினேன். இரும ஆரம்பிச்சதும் என் கை தானா எடுத்துடுச்சு பாப்பா. யோசிக்கவே இல்ல. எடுத்துடுச்சு. அப்போ நான் கேப்டனா? கேப்டன் கையை எடுத்துட்டு யார்கிட்ட குடுப்பான்?"

"எனக்கு இதெல்லாம் புரியல அண்ணி. திங்கட்கிழமை மட்டும்தான் புரியுது." நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. "போன தடவையும் இதே மேசையில உக்காந்து அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு சொன்னீங்க எல்லாரும். எனக்குப் பெட்ரோல் நாத்தம் அலுத்துப்போச்சு. தலைமுடியெல்லாம் அந்த நாத்தம்தான். சோத்துல அந்த நாத்தம்."

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலாளியம்மா தன் தட்டையும் தள்ளிவைத்தார். மெக்கானிக் மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

"சரி" என்றாள் டீச்சர். "சரி அத்தை. நான் ஒண்ணும் சொல்லல. அவர் எழுதினதை அவர் அடிச்சுடட்டும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. டீச்சர் பக்கம் நியாயம் இருந்தது, பாப்பாவின் கண்ணீரிலும் நியாயம் இருந்தது. நான் என் பங்குக்கு ஒரு பாத்திரத்தை டமாரென்று போட்டேன்.

வியாழக்கிழமை காலையில் காற்று திசை மாறி மேகம் கிழிந்தது. தெற்கே ஒரு பாளம் நீலம் தெரிந்தது. டீச்சர் யாரிடமும் சொல்லாமல் இரட்டையை வெளியே இழுக்கச் சொன்னாள். மெக்கானிக் அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு இழுவைக் கம்பியை மாட்டினார். பாப்பா பெட்ரோல் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பாப்பா இறக்கைமேல் ஏறி டேங்க்கை நிரப்பி, மூடியை இருமுறை திருகிச் சரிபார்த்து இறங்கினாள். கோபத்திலும் அந்த மூடியை அவள் மறக்கவில்லை.

டீச்சர் தனியாகக் கிளம்பிப் போனாள். மத்தியானம் வரை வரவில்லை. மூன்று மணி நேரம் பறக்கப் போகிறாள் என்று எனக்குப் புரிய மெக்கானிக்கின் முகமே போதுமாக இருந்தது. அவர் ஒரு ஸ்பேனரைத் துடைத்து வைத்தார், மறுபடி எடுத்துத் துடைத்தார். முதலாளியம்மா ஆபீஸ் ஜன்னலில் நின்றார். பாப்பா லாரியின் படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். வண்டிச் சத்தம் வருகிறதா என்று நானும் அடுப்பைச் சின்னதாக்கிக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் மேலே இருந்தால் கீழே இத்தனை பேருக்கு இருப்புக் கொள்ளாது.

அவள் இறங்கியபோது மறுபடி மேகம் கூடிக்கொண்டிருந்தது. நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் வண்டியிலிருந்து இறங்கி இறக்கையைப் பிடித்தபடி நின்றாள். வலது காலைத் தரையில் ஊன்றவும் தூக்கவுமாக இருந்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. பாப்பா குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"காலுக்கு என்ன?" என்றாள் பாப்பா. நேற்றிலிருந்து அவள் அண்ணியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இடது என்ஜின் பவர் லீவரைப் பின்னால இழுத்துட்டேன். நல்ல உயரத்துல. முழுசா, கடைசி வரைக்கும் இழுத்தேன். நிறுத்திப் பார்க்கத் தைரியம் வரல, ஆனா கிட்டத்தட்ட நிறுத்தின மாதிரிதான்."

"அதான் நாம பாடத்துல பண்ணினோமே."

"பாடத்துல நான் பாதிதான் இழுத்தேன் பாப்பா."

பாப்பா குழாயைக் கீழே விட்டாள்.

"எனக்கே இந்த வண்டி பழகல. அதனால பாதியோட நிறுத்திட்டேன். நீ சமாளிச்சுட்டேன்னு நெனச்சே, நானும் அப்படித்தான் நெனச்சேன்." டீச்சர் டம்ளரை வாங்கினாள், குடிக்கவில்லை. "இன்னிக்கு முழுசா இழுத்தப்போ அது எப்படித் திரும்பிச்சு தெரியுமா? பழசுல எந்த என்ஜின் போச்சுன்னு பார்த்து, யோசிச்சு, அப்புறம் பெடல்ல காலைக் குடுக்க நேரம் இருக்கும். அதைத்தான் நான் உனக்குச் சொல்லிக்குடுத்தேன். முதல்ல பாரு, அப்புறம் கால்னு. இதுல பார்க்கறதுக்குள்ள வண்டி புரண்டுடும். காலைத்தான் முதல்ல குடுக்கணும். முழு பலத்தோட குடுக்கணும். உன் சீட்டு ரெண்டு பல்லு முன்னாடி இருக்கணும், இல்லேன்னா கால் எட்டாது. எனக்கே எட்டல. நாலாவது தடவைதான் பிடிச்சேன்."

"அப்போ நான் கத்துக்கிட்டது?"

"பழைய வண்டியை."

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பாப்பாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பரீட்சையில எக்ஸாமினரும் உயரத்துலதான் இழுப்பாரு. நீ எப்படியோ பிடிச்சுடுவே, தேறிடுவே. அதை நான் மறுபடியும் சொல்றேன்" என்றாள் டீச்சர். "ஆனா சரக்கு ஏத்திக்கிட்டு, ராத்திரியில, ரன்வேயை விட்டுத் தூக்கினதும் ஒரு என்ஜின் நின்னா நீ முதல்ல பார்ப்பே. நான் அப்படித்தானே சொல்லிக்குடுத்தேன். நேத்து உங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்தேன். அதை நான் காப்பாத்தப் போறதில்ல. நாளைக்கு அவர்கிட்ட சொல்லிடுவேன். உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

"சொல்லுங்க" என்றாள் பாப்பா. "நல்லா சொல்லுங்க. நீங்க நல்லவங்களா இருங்க." குழாயைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள். டேங்க்கை நிரப்பவே இல்லை. டீச்சர் அந்த ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் தந்தாள்.

வெள்ளிக்கிழமை பளிச்சென்று விடிந்தது. துளி மேகம் இல்லை, காற்றும் அடங்கிக் கிடந்தது. ஒரு வாரம் எல்லோரும் எதற்காக வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்தார்களோ, அது யாரும் கேட்காமல் வந்து நின்றது.

எக்ஸாமினர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதைக்கூடக் கையால்தான் சொன்னார். ஒற்றை என்ஜினுக்கு இரண்டு பேரைப் பரீட்சை செய்து முடித்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி ஹேங்கர் வாசலுக்கு வந்தார். அங்கே இரட்டையை நிறுத்தியிருந்தார்கள். முதலாளியம்மா ஆபீஸுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நேற்று மகளுக்கும் மருமகளுக்கும் நடந்தது அவருக்குத் தெரியாது. காலையில் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாப்பா வந்து நின்றாள். தலையை மூன்று முறை அலசியிருப்பாள் போலிருக்கிறது, முடி இன்னும் ஈரமாக இருந்தது. அவளுக்கு இரண்டடி பின்னால் டீச்சர். மெக்கானிக் என்ஜின் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"இரட்டைக்கு யாரு, நீங்களா?" என்றார் எக்ஸாமினர்.

"ஆமா சார்."

"போலாமா?"

டீச்சர் ஒரு அடி முன்னே வந்தாள். "சார், அதுக்கு முன்னாடி..." என்று தொடங்கினாள்.

"இல்ல சார்" என்றாள் பாப்பா.

எக்ஸாமினர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஏறல சார். இந்த வண்டியை நான் இன்னும் கத்துக்கல. பழசை ஓட்டத் தெரியும். அதை வித்துட்டோம்."

முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழப்போய், கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "பாப்பா!" என்றார்.

"சார், இவ தப்பு இல்ல, என் தப்பு" என்று டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். கூலிங் கிளாஸ், இரண்டு கேப்டன், பாதி இழுத்தது, நேற்றுத்தான் தனக்கே ஐந்து மணி நேரம் நிறைந்தது, ஒன்றையும் விடவில்லை. எக்ஸாமினர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"யார் கேப்டன்னு கிளம்பறப்போ கேக்கணும்" என்றார். "மேலே போய் முடிவு பண்ற விஷயம் இல்ல அது."

"ஆமா சார்."

"நடந்ததை எழுதிக் குடுத்துடுங்க. மேலே அனுப்புவேன், அவங்க உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. இப்போ அஞ்சு மணி நேரம் ஆயிடுச்சுன்னா இன்னிலேருந்து சொல்லிக்குடுக்கத் தடை இல்ல. இவங்களுக்கு முதல்லேருந்து ஆரம்பிங்க." பாப்பாவிடம் திரும்பினார். "அடுத்த தடவை வர்றப்போ பார்க்கலாம்."

"எப்போ சார் வருவீங்க?" என்றாள் பாப்பா.

"அது எனக்கே தெரியாதும்மா" என்றார் அவர்.

அவர் கார் போன பிறகுதான் பாப்பா கேன்டீனுக்குள் வந்து மூலை மேசையில் தலையைக் கவிழ்த்தாள். நான் தண்ணீர் வைத்தேன். மத்தியானம் கம்பெனிக்குப் போன் பண்ணினாள். அந்தப் பேச்சு ரொம்ப நேரம் நடக்கவில்லை. "சரிங்க, தேங்க்ஸ்ங்க" என்று இரண்டே வார்த்தை. மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்க அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. யாரும் பார்க்காமல் வெங்காயத்தை எடுத்து நறுக்க உட்கார்ந்தேன்.

டீச்சர் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"பாப்பா."

"உங்ககூட நான் பேச மாட்டேன்."

"பேச வேண்டாம்."

"உங்களாலதான் எல்லாம்."

"ஆமா. என்னாலதான்." டீச்சர் அங்கேயே நின்றாள். "வானம் நல்லா இருக்கு. இருட்டறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. வா, ஏறு."

பாப்பா நிமிர்ந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. ஏதாவது எடுத்து எறிவாள் என்றுதான் நான் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன். அவள் எழுந்து டீச்சரை இடிக்காத குறையாகத் தாண்டி வெளியே போனாள். இரட்டைக்குப் போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். இறக்கையின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். எண்ணெய்க் குச்சியை உருவி, அளவைப் பார்க்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் கறுப்பாகத் தீற்றிவிட்டு மறுபடி உருவிப் பார்த்தாள். அழுதுகொண்டேதான் ஒவ்வொன்றையும் பார்த்தாள், ஒன்றையும் விடாமல் பார்த்தாள்.

இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். கதவு சாத்தும் முன் டீச்சர் கேட்டது எனக்குக் கேட்டது. "இன்னிக்கு யார் கேப்டன்?"

"நீங்கதான்" என்றாள் பாப்பா, அவள் முகத்தைப் பார்க்காமலே. பிறகு சீட்டை முன்னால் தள்ளும் சத்தம் வந்தது, இரண்டு முறை.

மெக்கானிக்கைக் காணவில்லை. பின்னால் எங்கேயோ போய்விட்டார், அவர் அழுதால் தனியாகத்தான் அழுவார். சக்கரத்தில் வைத்த கட்டையை எடுக்க ஆளில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் முதலாளியம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். காலையிலிருந்து சாப்பிடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தவர். மூட்டு வலிக்காரர், ஆபீஸ் படி ஏறவே இரண்டு தடவை நிற்பவர். அவர் நடந்து போய் வண்டிக்குப் பக்கத்தில் மெல்லக் குனிந்தார். டீச்சர் பதறிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"அத்தை, நான் எடுக்கறேன்."

"நீ உக்காரு" என்றார் முதலாளியம்மா.

ஒரு கட்டையை எடுத்தார். வண்டியின் பின்பக்கமாகச் சுற்றிப் போய் இன்னொன்றையும் எடுத்தார். நிமிர்ந்து ஒதுங்கி நின்று, கையை உயர்த்தினார். முதலில் ஒரு என்ஜின், பிறகு மற்றது. காற்றில் அவர் தலைமுடி கலைந்தது. வண்டி நகர்ந்து, ரன்வேயின் கோடிக்குப் போய், ஓடி, மேலே எழுந்தது.

நான் கிட்டே போய்க் கையை நீட்டினேன். "குடுங்கம்மா, கனமா இருக்கும். நான் கொண்டுபோய் வச்சிடறேன்."

கட்டைகள் இரண்டையும் அவர் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்" என்றார். "அவங்க இறங்கட்டும்."